ஜப்பானிய வகுப்புக்கு வந்த சீர்வரிசை

நம் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒரு அடையாள அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், சமூகத்தோடு எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லித்தரும் தடித்த கையேடு, எல்லாம் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். எண்ணூர் வெயிலில் அதுதான் கைகொடுக்கும். கையேட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதில் பாதியை எழுதியவளே நான்தான்.

ஓய்வு பெற்றவர்களை அனுபவம் எழுதச் சொன்னால், பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். நான் அவ்வளவு கொடுமைக்காரி இல்லை. என் அப்பா தெற்கே இருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு மண்டி வைத்தார், நான் அந்த மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தேன் என்பதோடு என் சுயசரிதை முடிந்தது. மீதி, ஒரு நாள் காலையில் நடந்த ஒரே ஒரு விஷயம்.

நம் பல்கலைக்கழகம் ஜப்பானில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, பொதுமக்களுக்கு ஜப்பானிய மொழியும் பண்பாடும் கற்றுத்தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, வகுப்பு நம் வளாகத்தில்தான் நடந்தது. அழகான அறை, ஏசி, சுவரில் செர்ரிப் பூ படம், எல்லாம் இருந்தன. பொதுமக்கள்தான் இல்லை. எண்ணூரில் பஸ் ஏறியவர்கள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து டோல்கேட் வருவதற்குள் பாதிப் பேருக்கு மனசு மாறிவிடும். மீதிப் பேர் வந்து சேரும்போது வகுப்பு முடிந்து செக்யூரிட்டி விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார்.

வராதவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். வந்தால் காரியம் நடக்கும். வகுப்பை எண்ணூர் மீனவர் குப்பம் ஒன்றின் சமுதாயக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, இன்னொரு பக்கம் கழிமுகத்தில் கட்டிய படகுகள். சனிக்கிழமை தோறும் ஜப்பானிலிருந்து மோரி சென்செய் திரையில் வந்து பாடம் எடுப்பார். சென்செய் என்றால் ஆசிரியர். அறுபதை நெருங்கும் அம்மையார். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். வீட்டுப்பாடம் செய்யாதவர்களைப் பார்க்கும்போது அந்தக் கையை எடுத்துவிடுவார். கூடம் நிறைந்தது. ஜப்பானிய கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப்போன பையன்கள், நர்சிங் படித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்த பெண்கள், அவர்களோடு கோமதி.

கோமதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் குப்பத்து மருமகள். கணவர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் அவள் சில மாதம் உதிரிப் பாகங்களைப் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தாள். அங்கே இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்திருக்கிறாள். அவர் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். தனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். அதற்கு ஒரு தேர்வு தேற வேண்டும். தேர்வுக்கு வகுப்பு வேண்டும். வகுப்புக்கு மாமியாரின் சம்மதம் வேண்டும்.

மாமியார் தேசம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். எடைக்கல்லைவிடப் பேச்சு கனமாக இருக்கும். "ஊரு கூடத்துலதான் கிளாசு நடக்குது, என் கண்ணு முன்னால கீறா, சரி போறா. பஸ்ஸேறி டவுனுக்குப் போய்ப் படிக்கற கதைலாம் எங்கிட்ட வாணாம்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தது. புதுப்பிக்கலாமா, எண்ணூர் வகுப்பை மூடிவிட்டு வளாகத்தோடு சேர்த்துவிடலாமா என்று பார்த்துச் சொல்ல ஜப்பானிலிருந்து ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். நகாதா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். விதிமுறைகளை மனப்பாடமாக வைத்திருந்தார். கூடவே மோரி சென்செய்யும் முதல்முறையாக நேரில் வந்தார். வளாகத்தோடு சேர்த்தால் கோமதியின் படிப்பு அன்றோடு சரி. இது எனக்குத் தெரியும், கோமதிக்குத் தெரியும், தேசம்மாவுக்கும் தெரியும்.

எங்கள் இயக்குநர் நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்லிவிட்டால் அது நடந்து முடிந்துவிட்டது என்று நம்புகிறவர். ஜப்பானியர்களுக்கு ஒரு விதி இருந்தது. தாங்கள் உதவும் மக்களிடமிருந்து எந்தப் பரிசும் வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தத் திட்டத்தின் மேல் விசாரணை வரும். இயக்குநர் ஊர்த் தலைவருக்கு போன் செய்து, வருகிறவர்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தலைவர் போனிலேயே கும்பிட்டிருப்பார்.

"இன்னா சார் நீங்க, உங்க பேச்ச மீறுவமா? வர்றவங்களுக்கு ஒரு பூ கூடக் குடுக்க மாட்டோம். போதுமா?"

இயக்குநர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்தார். ஒரு ஊர் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால், எதற்குச் சரி என்றது என்று திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும். நான் அவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த போனுக்குப் போய்விட்டார்.

அன்று காலை விருந்தினர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சை மொழிபெயர்க்கத் துறை ஆசிரியர்கள் வேண்டாம், மாணவி ஒருத்தியே செய்யட்டும் என்று சென்செய் கேட்டிருந்தார். கோமதியைத்தான் நிறுத்தியிருந்தோம். பட்டுப்புடவையில், கையில் மைக்கோடு, வியர்த்துக்கொண்டு நின்றாள். பையன்கள் சென்செய்யையே வெறித்துப் பார்த்தார்கள். அதுவரை திரையில் தோளுக்கு மேலேதான் பார்த்திருந்தார்கள். "இவ்ளோ குட்டியா கீறாங்க!" என்று ஒருவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. நல்லவேளை, அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அப்போது வெளியே சரவெடி வெடித்தது. நகாதா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அதைத் தொடர்ந்து பேண்டு வாத்தியம். நான் வாசலுக்கு ஓடினேன்.

தெருவை அடைத்துக்கொண்டு சீர்வரிசை வந்துகொண்டிருந்தது. நம் அரசுப் பள்ளிகளுக்கு ஊர்மக்கள் கல்விச் சீர் கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் வீட்டார் சடங்குக்கு வருவது போல மேளதாளத்தோடு வந்து, பள்ளிக்கு வேண்டிய சாமான்களைக் கொடுப்பார்கள். அதையேதான் செய்திருந்தார்கள். பெண்கள் தட்டுத் தட்டாக ஆப்பிளும் வாழைப்பழமும் கற்கண்டும் ஏந்தி வந்தார்கள். ஆண்கள் தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளைப் பலகைக்கு மாலை. சீலிங் ஃபேனின் மூன்று இறக்கைக்கும் சந்தனம், குங்குமம். இரண்டு பேர் ஐஸ் நிரப்பிய தட்டில் முழு வஞ்சிர மீன் ஒன்றைச் சுமந்து வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தேசம்மா, கையில் பெரிய தாம்பாளத்தோடு. அதில் பூச்சரம் சுற்றிய ஒரு உலக உருண்டை.

"ஜப்பான் எங்க கீதுன்னு கடைக்காரனக் காட்டச் சொல்லி, அதும்மேல பொட்டு வெச்சுக்கினு வந்தேன்" என்றார் என்னிடம் பெருமையாக. பொட்டு கொஞ்சம் தாராளமாக விழுந்திருந்தது. ஜப்பானோடு சேர்ந்து கொரியாவும் குங்குமத்துக்குள் மறைந்திருந்தது.

தலைவரை ஓரமாக இழுத்து, ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொன்னோமே என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வந்தவங்களுக்கு எதுனா குடுத்தமா மேடம்? ஒரு சால்வை போட்டமா? இது கிளாசுக்குச் சீர். அது வேற, இது வேற."

அவர் சொன்னது அவர் கணக்கில் நியாயம். அதை நகாதாவுக்கு யார் சொல்வது? அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. இயக்குநர் டையைச் சரிசெய்துகொண்டு, "ஏதாவது செய்யுங்க மேடம்" என்றார். அது இயக்குநர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

நகாதா மைக்கை எடுத்தார். தலை குனிந்து வணங்கினார். ஜப்பானிய மொழியில், மிகவும் பணிவாக, சுருக்கமாகப் பேசினார். எனக்கு அந்த மொழியில் வணக்கமும் நன்றியும் கழிப்பறை எங்கே என்பதும்தான் தெரியும். ஆனால் கோமதியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இவற்றை வாங்கிக்கொள்ள முடியாது, தயவுசெய்து எடுத்துப் போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதை அவள் தமிழில் சொல்ல வேண்டும். தன் ஊருக்கு, தன் மாமியாரின் முகத்துக்கு நேராக.

சீரைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாணம் நின்றுபோனால்தான் தட்டுகள் திரும்பும். பேண்டுக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். கோமதி மைக்கை வாய்க்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக நின்றாள்.

தேசம்மாவுக்கு ஜப்பானிய மொழி தேவைப்படவில்லை. "இன்னாவாம்? வாணாம்ன்றாரா?" என்றார். "வாணாம்னா வாணாம்னு சொல்லிடு கோமதி. தட்ட எடுத்துக்கினு நா பூட்றேன். நீயும் அந்த மைக்கக் குடுத்துட்டு எங்கூட வந்துடு."

அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. மாற்றிச் சொல்லம்மா என்று கோமதியிடம் கண்ணைக் காட்டலாம். அவர் உள்ளம் நெகிழ்ந்து நன்றி சொல்கிறார் என்று அவளும் சொல்லிவிடுவாள். ஊர் கைதட்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று நினைக்கிறவளின் முதல் வேலையே பொய்யாகிவிடும். அதோடு நகாதா அந்தச் சீரை வாங்கப்போவதும் இல்லை. இன்னொரு வழி, அவர் சொன்னதை அப்படியே சொல்ல விடுவது. அதோடு எல்லாம் முடிந்தது. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பருப்பு மண்டியில் வளர்ந்தவள் நான். யாரிடமிருந்து யாருக்குப் போகிற சரக்கு என்று கேட்காமல் அப்பா ஒரு மூட்டையைக்கூட இறக்க விடமாட்டார்.

மேடையேறி, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "கோமதி, அவர் சொன்னதை நீ அப்படியேதான் சொல்லணும். ஆனா சொல்றதுக்கு முன்னாடி சந்தேகம் இருந்தா கேக்குறது மொழிபெயர்க்கிறவங்களோட உரிமை. உனக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"கீது மேடம்."

"அப்ப கேளு."

அவள் நகாதாவைப் பார்த்து ஜப்பானிய மொழியில் கேட்டாள். தடுமாறினாள். ஒரு சொல்லுக்கு சென்செய் உதவினார். என்ன கேட்டாய் என்று பிறகு விசாரித்தேன். "யாருக்குக் கொடுத்ததாக நினைத்து வேண்டாம் என்கிறீர்கள்?" என்பதுதான் கேள்வி. எங்களுக்கு, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு என்றிருக்கிறார் அவர். "உங்களுக்கு இல்லை. உங்களுக்கு ஒரு பூ கூடக் கொடுக்கவில்லை, பாருங்கள். எங்கள் வீட்டு ஆட்கள் எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்" என்றிருக்கிறாள் கோமதி.

சென்செய் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நகாதா சிரிக்கவில்லை. அவர் தன் தலைக்குள் விதிமுறையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார் என்பது வெளியே தெரிந்தது. கடைசியில் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால், வாங்கிக்கொள்கிறவர்கள் ஏன் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

எவ்வளவு நல்ல கேள்வி! நான் மாணவர்களைப் பார்த்துக் கத்தினேன். பையன்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர்களைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றார்கள். பேண்டு மறுபடி ஆரம்பித்தது. நாற்காலி, பலகை, ஃபேன் என்று ஒவ்வொன்றாகக் கை மாறியது. விருந்தினர் இருவரும் சாட்சிகளாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வஞ்சிரத்தை வாங்கிய பையன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் குழந்தையைப் போல வைத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் இன்னொரு சிக்கல். சீர் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் கிடையாது. வாங்கியவர்கள் ஏதாவது வைத்துத்தான் தர வேண்டும். மாணவர்களிடம் பேனாவைத் தவிர என்ன இருக்கிறது? ஊர்ப் பெண்கள் காலித் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று சென்செய் கேட்க, கோமதி சொன்னாள். சென்செய் உடனே எழுந்துவிட்டார். அவர்கள் ஊரிலும் பரிசு வாங்கினால் பதிலுக்கு ஒன்று கொடுத்தாக வேண்டுமாம். மாணவர்களுக்காகப் பூப்போட்ட சதுரத் துணிகள் கொண்டுவந்திருந்தார், பரிசுப் பொருளைச் சுற்றித் தரும் துணி. அவற்றை மாணவர்கள் கையில் கொடுத்து ஆளுக்கொரு தட்டில் வைக்கச் சொன்னார். இயக்குநர் பயத்தோடு நகாதாவைப் பார்த்தார். நகாதா கொஞ்சம் யோசித்து, "வாங்குவதற்குத்தான் விதி இருக்கிறது. கொடுப்பதற்கு இல்லை" என்றார். அன்று முதல்முறையாக எனக்கு அவரைப் பிடித்தது.

தேசம்மாதான் கடைசி. கோமதி உலக உருண்டையை வாங்கிக்கொண்டு, தாம்பாளத்தில் துணியை வைக்கப் போனாள். தேசம்மா தட்டின் குறுக்கே கையை வைத்துக்கொண்டார்.

"துணிலாம் வாணாம். எனுக்கு ஒரே ஒரு பதில் வோணும். அந்தம்மாவக் கேளு. நீ பாஸாவியா, மாட்டியா?"

"அத்தே, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. ரெண்டு வருசமா படிக்கறேன் படிக்கறேன்னு போய்க்கினு கீற. நா எந்த வாத்தியாரப் போய்க் கேக்கறது? தோ, வந்து நிக்குறாங்க. கேளு."

கோமதி கேட்டாள். தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்பதையும் மறைக்காமல் கேட்டாள். சென்செய் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தேசம்மாவைப் பார்த்து, நிதானமாக, கோமதிக்குப் புரியும் சொற்களில் பதில் சொன்னார். பக்கத்தில் நகாதா சட்டென்று தரையைப் பார்த்தார். ஊரே கோமதியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மைக்கை எடுத்தாள்.

"இப்ப இல்லியாம் அத்தே. பேசறது நல்லாக் கீதாம். படிக்கறது ரொம்ப மோசமாம். இந்த வருசம் எழுதுனா ஃபெயில்தானாம். இன்னும் ஒரு வருசம் இதே மாரி கிளாசு நடந்து, தெனமும் ஒக்காந்து படிச்சா, அடுத்த தபா கண்டிப்பா பாஸாவேனாம்."

நகாதா என் பக்கம் சாய்ந்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். ரொம்ப மோசம் என்பதையுமா சொன்னாள் என்றார். ஆமாம், அதையும்தான் சொன்னாள் என்றேன்.

தேசம்மா மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன்டி, பாஸாயிடுவேன்னு சொல்லிருந்தா எனுக்கின்னா தெரிஞ்சிருக்கப் போவுது?"

"உனுக்குத் தெரியாது அத்தே. எனுக்குத் தெரியும்ல."

தேசம்மா தட்டின் மேலிருந்த கையை எடுத்தார். துணியை வைக்க விட்டார். பிறகு நகாதாவைப் பார்த்துத் திரும்பினார். "இந்த நைனாவ ஒண்ணு கேளு. டீச்சரம்மா ஒரு வருசம்ன்றாங்க. இவுரு கிளாச மூட்றதுக்கு வந்துக்கீறாரு. ரெண்டு பேரும் ஒரே காலேஜுதானே? உள்ள பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு அப்பால சொல்லச் சொல்லு."

கோமதி அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். இந்தத் தடவை நகாதாவும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருந்தது. மதியம் வஞ்சிரக் குழம்பு வைத்தார்கள். உணவு பரிசாகுமா என்று அவரே கேட்டு, வாசனை வந்ததும் ஆகாது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். விதியோடு சண்டை போடாதீர்கள், ஊரோடும் சண்டை போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுங்கள், அது போதும். கையேட்டில் இது இல்லை. இது வந்திருக்க வேண்டிய பாதியை எழுதியவர் வேறு ஆள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வகுப்பு எண்ணூரிலேயே நடந்தது. அந்த வருடம் கோமதி தேர்வு எழுதினாள். ஃபெயில். முடிவு வந்த மறுநாள் எனக்கு மனசு கேட்காமல் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போனேன். தேசம்மா என்ன சொல்வாரோ, படிப்பை நிறுத்திவிடுவாரோ என்ற பயம். அவர் சங்கரா மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டே, பக்கத்துக் கடைக்காரியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஃபெயிலுன்னு அந்த ஜப்பான்காரம்மா அன்னிக்கே சொல்டாங்க. அதே மாரி ஃபெயிலாயிட்டா பாரு! அவுங்க சொன்னா சொன்னதுதான். அடுத்த வருசம் பாஸுன்னுக்கீறாங்க."

அடுத்த வருடம் அவர்தான் எனக்கு போன் செய்தார். ரிசல்ட்டைச் சொல்லவில்லை. "டீச்சரம்மாவுக்கு போன் போட்டு, நீங்க சொன்னது சரிதான்னு சொல்லிடுங்க" என்றார். அப்புறம் போனிலேயே அழுதார்.